லாவோகூனின் வலது கை

1506ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, உரோம் நகரின் எஸ்குவிலின் குன்றிலே பெலிசே டி பிரெதிஸ் என்பவருக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டத்தில் நிலத்தை அகழ்ந்தபோது, பெரியதொரு பளிங்குச் சிலைத் தொகுதி வெளிப்பட்டது. செய்தி பாப்பரசர் இரண்டாம் ஜூலியசுக்கு எட்டியது. பார்த்து வருமாறு கட்டடக் கலைஞர் ஜூலியானோ ட சங்காலோவை அவர் அனுப்பினார். மைக்கலாஞ்சலோவும் உடன் சென்றார். ஜூலியானோவின் மகன் பிரான்செஸ்கோ அப்போது சிறு பிள்ளை. தந்தையுடன் அன்று அங்கே போயிருந்த அவர், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் 1567இல் எழுதிய கடிதமொன்றில் அந்த நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். சிலையைக் கண்ட மாத்திரத்தில், பிளினி குறிப்பிட்ட லாவோகூன் இதுதான் என்று தந்தை அடையாளம் கண்டுகொண்டாராம்.

பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர். தித்துசின் மாளிகையில் ரோட்ஸ் தீவைச் சேர்ந்த ஹகெசாந்தர், பொலிதோரஸ், அதெனதோரஸ் என்ற மூன்று சிற்பிகள் செய்த சிலையொன்று இருந்தது என்றும், ஓவியத்திலும் சிற்பத்திலும் அதற்கு நிகரானது வேறெதுவுமில்லை என்றும் அவர் எழுதிவைத்திருந்தார். பெயரளவில் மாத்திரம் கற்றோர் அறிந்திருந்த அந்தச் சிலை, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

கதை பலருக்குத் தெரிந்ததே. லாவோகூன் திரோய் நகரின் பூசாரி. கிரேக்கர் விட்டுச்சென்ற மரக்குதிரையை நகருக்குள் கொண்டுவர வேண்டாம் என்று எச்சரித்தவன் அவன். கடலிலிருந்து வந்த இரண்டு பெரும் பாம்புகள் அவனையும் அவனுடைய இரு புதல்வரையும் சுற்றி இறுக்கிக் கொன்றன. கல்லில் நாம் காண்பது அந்தக் கணத்தை. நடுவே தந்தை, இருபுறமும் பிள்ளைகள், மூவரையும் ஒரே முடிச்சாகக் கட்டும் பாம்புகள்.

ஆனால் மண்ணிலிருந்து எடுத்தபோது சிலை முழுமையாக இருக்கவில்லை. தந்தையின் வலது கை இல்லை. இளைய மகனின் வலது கையும் மூத்தவனின் வலது கை விரல்களும் இல்லை. தந்தையின் அந்த ஒரு கை எந்நிலையில் இருந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்க நானூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவின் அறிஞர்களும் ஓவியர்களும் மாணவர்களும் அந்தச் சிலையை அறிந்துகொண்டது எவ்வாறு, எதை உண்மையென்று நம்பினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உரோமுக்குப் போய் வத்திக்கானில் சிலையை நேரில் காணும் வசதி அன்று மிகச் சிலருக்கே இருந்தது. ஏனையோருக்குக் கிடைத்தது காகிதம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள்தாம் கிரேக்க, உரோமச் சிலைகளை ஹார்லெம் நகருக்கும் பாரிசுக்கும் டிரெஸ்டனுக்கும் இலண்டனுக்கும் கொண்டுபோயின. பிரித்தானிய நூதனசாலையும் நியூயோர்க்கின் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையும் தமது அச்சுப்படச் சேகரிப்புகளை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருப்பதால், அவற்றை அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு இன்று நமக்குண்டு. பத்திரிகைத் தொழிலில் படங்களோடும் படவிளக்கங்களோடும் நெடுங்காலம் மாரடித்தவன் என்ற முறையில் நான் அவற்றைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரே சிலை, படத்துக்குப் படம் வேறு வேறு கைகள்.

தகட்டிலே உளி

இப்படங்கள் உருவான முறையை அறிந்தால்தான் அவற்றின் பலமும் பலவீனமும் விளங்கும்.

நம்மவர்க்குச் செப்பேடு என்றதும் அரசர்களின் தானசாசனம் நினைவுக்கு வரும். இதுவும் செப்பேடுதான், ஆனால் வாசிப்பதற்கன்று, அச்சிடுவதற்கு. நன்றாகத் துலக்கி மினுக்கிய தகட்டில், கூரிய முனையுடைய எஃகுச் சிற்றுளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடு கோடாக வெட்டுவார்கள். வளைகோடு வேண்டுமானால் உளியைத் திருப்புவதில்லை. தோற்பையின் மேல் வைத்த தகட்டைத் திருப்புவார்கள். வெட்டி முடிந்ததும் தகடு முழுவதும் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மாத்திரம் மை தங்கும். அதன் மேல் ஈரமாக்கிய காகிதத்தை வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்து ஒரு சட்டம் போலத் தெரியும். பழைய படத்தின் ஓரத்தில் அந்தப் பதிவைத் தேடுவது சேகரிப்போரின் முதல் வேலை.

வேறொரு முறையும் உண்டு. தகட்டின் மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் அதைக் கீறி, அமிலத்தில் அமிழ்த்துவது. ஊசி கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். உளியால் வெட்டுவதைவிட இது விரைவானது; காகிதத்தில் வரைவதுபோலவே கை சுதந்திரமாக ஓடும்.

இரண்டு முறைகளிலும் ஒரு பெரிய இடையூறு உண்டு. கோடு இருக்கும் அல்லது இராது. கருமை இருக்கும் அல்லது வெண்மை இருக்கும். இடைப்பட்ட சாம்பல் நிறம் கிடையாது. பளிங்கிலே ஒளி வழுக்கிச் செல்லும் தசையின் மென்மையைக் காட்ட வேண்டுமானால், கோடுகளை நெருக்கியும் விலக்கியும், குறுக்கே கோடிட்டும், தடிப்பித்தும் மெலித்துமே காட்ட முடியும். ஆகவே செதுக்குபவர் ஒவ்வொருவரும் கல்லைத் தம்முடைய கோட்டு மொழியில் பெயர்த்து எழுதினர். பெயர்ப்பாளருக்குப் பெயர்ப்பாளர் நடை வேறுபடுவது இயல்புதானே.

இன்னொன்று, இடவல மாற்றம். தகட்டில் வெட்டியதைக் காகிதத்தில் எடுத்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும். நடராசர் இடது காலைத் தூக்கி ஆடுபவர். பார்த்தபடியே தகட்டில் செதுக்கி அச்சிட்டால், காகிதத்தில் அவர் வலது காலைத் தூக்கி நிற்பார். மதுரை வெள்ளியம்பலத்தில் கால்மாறி ஆடியவர் என்றே நாம் கொள்வோம். இதைத் தவிர்க்க, கவனமுள்ளவர்கள் தகட்டிலேயே தலைகீழாக மாற்றி வரைந்தார்கள். எல்லோரும் அவ்வாறு செய்யவில்லை. அச்சான படத்தைப் பார்த்து இன்னொருவர் பிரதி செய்யும்போது மீண்டும் ஒருமுறை மாறும். எனவே ஒரு படத்தில் எந்தக் கை உயர்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சிலையில் எந்தக் கை உயர்ந்திருந்தது என்று உடனே முடிவுகட்டல் ஆகாது.

கை இல்லாத லாவோகூன்

சிலையின் மிகப் பழைய செப்புத்தகட்டுப் படங்களுள் ஒன்றைச் செய்தவர் ரவென்னா நகரைச் சேர்ந்த மார்கோ டென்டே. ரஃபேலின் ஓவியங்களைச் செதுக்கிப் புகழ்பெற்ற மார்க்கந்தோனியோ ரைமொந்தியைச் சூழ்ந்திருந்த கலைஞர்களுள் அவரும் ஒருவர். அவருடைய படத்தில் இடிந்த சுவரொன்றின் முன்னால் தந்தையும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். பீடத்தில் லாவோகூனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிலை இருக்கும் இடம் பாப்பரசர் மாளிகையின் பெல்வெதேரே என்றும் எழுத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. பத்திரிகைக்காரனின் கண்ணுக்கு இது ஒரு நல்ல படவிளக்கம்: யார், எங்கே என்ற இரண்டும் உண்டு.

முக்கியமானது, டென்டே இல்லாததை இட்டு நிரப்பவில்லை. உடைந்த இடத்தை உடைந்ததாகவே காட்டினார். 1527ஆம் ஆண்டு ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசனின் படைகள் உரோமைச் சூறையாடின. அந்த அமளியில் டென்டே கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ரைமொந்தி உடைமைகளை இழந்து நகரை விட்டு நீங்கினார். படம் எஞ்சியது.

அந்தக் கையை எவ்வாறு பொருத்துவது என்ற எண்ணம் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. 1510ஆம் ஆண்டளவில் கட்டடக் கலைஞர் பிரமாந்தே சிற்பிகள் சிலரைக் கொண்டு சிலையை மெழுகில் பிரதிசெய்விக்க, ரஃபேல் நடுவராக இருந்து யாகோப்போ சன்சோவினோவின் பிரதியே சிறந்ததெனத் தீர்ப்பளித்தார் என்று வசாரி எழுதியிருக்கிறார். ஈற்றில் 1532, 1533ஆம் ஆண்டுகளில், பாப்பரசர் ஏழாம் கிளமெந்துவின் விருப்பப்படி, ஜியோவன்னி ஆஞ்சலோ மொந்தொர்சோலி என்ற சிற்பி லாவோகூனுக்கு ஒரு புதிய வலது கையைச் செய்தார். வானை நோக்கி நீண்டு, பாம்பைப் பற்றியபடி உயரும் கை அது. அருகிலிருந்த அப்பொல்லோ சிலைக்கும் அவரே இல்லாத கைகளைச் செய்து கொடுத்தார்.

அழகான கைதான். பாம்போடு போரிடும் வீரன் ஒருவனை அது காட்டியது. மடங்கிய கையே பொருத்தம் என்று மைக்கலாஞ்சலோ கருதினார் என ஒரு மரபு உண்டு. ஆயினும் நீட்டிய கையே நிலைத்தது. அதன் பின்னர் உரோமில் சிலையைப் பார்த்து வரைந்தவர்கள் அந்தக் கையோடுதான் வரைந்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கண்ணெதிரே கை இருந்தது.

ஏட்டிலே உரோம் நகர்

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமில் அச்சுப்பட வியாபாரம் செழித்தது. அதில் முதலிடம் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய அந்தோனியோ லாஃப்ரேரிக்கு உரியது. பழைய கட்டடங்கள், சிலைகள், தூண்கள் ஆகியவற்றின் படங்களைத் தனித்தனித் தாள்களாக அவர் விற்றார். "உரோமப் பெருஞ்சிறப்பின் கண்ணாடி" என்று பொருள்படும் இலத்தீன் தலைப்போடு ஒரு முகப்புப் பக்கத்தையும் 1570களில் வெளியிட்டார். வாங்குபவர்கள் தமக்கு வேண்டிய தாள்களைத் தெரிந்தெடுத்து, முகப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். அதனால் இன்று நூலகங்களில் உள்ள பிரதிகளுள் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. 1577இல் லாஃப்ரேரி இறந்தபின் தகடுகள் கைமாறின. புதிய உரிமையாளர்கள் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தமது பெயரைப் பொறித்தார்கள். தேய்ந்த கோடுகளை மீண்டும் ஆழமாக்கினார்கள். ஆகவே அச்சான காலம் ஒன்று, வரைந்த காலம் வேறொன்று. தகட்டிலே ஒருமுறை வெட்டப்பட்ட சிலை, சிலையே மாறிவிட்ட பின்னரும் பழைய கோலத்திலேயே புதிதாக அச்சாகிக்கொண்டிருக்கலாம்.

இக்கலையின் உச்சம் எதுவெனக் கேட்டால் நான் ஹென்ட்ரிக் ஹொல்ட்சியசைச் சொல்வேன். ஒல்லாந்தின் ஹார்லெம் நகரத்தவர். குழந்தையாக இருந்தபோது நெருப்பில் வெந்து, விரல்கள் சரியாக நிமிராத வலது கை அவருடையது. அந்தக் கையாலேயே உளியைத் தள்ளினார். 1590இல் புறப்பட்டு உரோமுக்குச் சென்ற அவர், அங்கே பழைய சிலைகளைப் பார்த்து வரைந்த நாற்பதுக்கும் மேற்பட்ட சித்திரங்கள் ஹார்லெமின் தெய்லர் நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றுள் மூன்றை மாத்திரமே செப்புத் தகட்டில் செதுக்கினார். அவை 1617இல், அவர் இறந்த பின்னரே வெளியாயின.

மூன்றில் ஒன்று பர்னேசே ஹெர்குலிஸ். எல்லோரும் முன்னிருந்து பார்க்கும் சிலையை ஹொல்ட்சியஸ் பின்னிருந்து காட்டினார். மலைபோன்ற முதுகு, தடித்தும் மெலிந்தும் அலையெனச் சுழலும் கோடுகள், கீழே மூலையில், அண்ணாந்து பார்க்கும் இரண்டு மனிதரின் முகங்கள். சிலையின் பருமனை அந்த இரு முகங்களும் சொல்லிவிடுகின்றன. பார்வையாளர் காணும் முன்புறத்தை நாம் காண முடியாது.

அந்தப் படத்தில் ஹெர்குலிசுக்கு இருக்கும் கால்களிலும் ஒரு கதை உண்டு. 1540களில் கரகல்லாவின் குளிப்பு மண்டப இடிபாடுகளில் சிலை கிடைத்தபோது கால்கள் இல்லை. குலியெல்மோ தெல்லா போர்த்தா என்ற சிற்பி புதிய கால்களைச் செய்தார். பின்னர் பழைய கால்கள் கிடைத்தன. எனினும் புதியவற்றின் சிறப்பை உலகம் அறியட்டும் என்ற மைக்கலாஞ்சலோவின் ஆலோசனைப்படி அவற்றையே விட்டுவைத்தார்களாம். சிலை நேபிள்சுக்குப் போன காலத்தில், 1787இல்தான் பழைய கால்கள் பொருத்தப்பட்டன. ஆகவே ஹொல்ட்சியஸ் காட்டும் கால்கள் பண்டைய கிரேக்க மரபின் கால்கள் அல்ல. தெல்லா போர்த்தாவின் கால்கள். இன்று நேபிள்சில் சிலையைப் பார்ப்பவருக்கு அந்தத் தோற்றம் கிடைக்காது.

1638இல் பிரான்சுவா பெரியே என்ற பிரெஞ்சு ஓவியர் நூறு சிலைப் படங்களைக் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். ஊசியால் கீறி அமிலத்தில் அரித்த படங்கள் அவை. அதன் முகப்பில் காலதேவன் என்ற கிழவன், பெல்வெதேரேயில் உள்ள தலையும் கைகாலும் அற்ற புகழ்பெற்ற முண்டச் சிலையைப் பல்லால் கடிக்கிறான். காலத்தின் பல்லுக்குத் தப்பியவை இவை என்பது தலைப்பின் கருத்து. ஓவியப் பட்டறைகளில் நூறாண்டுகளுக்கு மேலாக அந்நூல் பாடநூலாகப் பயன்பட்டது. 1683இல் பாரிசில் ஜெரார் ஓத்ரான், பண்டைச் சிலைகளின் உறுப்புகளை அளந்து, கோட்டுருவின் மேல் அளவுகளை எண்களாகப் பொறித்து வெளியிட்டார். லாவோகூனும் அதில் இடம்பெற்றான். உரோமைக் காணாத மாணவன் இப்போது லாவோகூனின் உடலை அளவுகோலோடு கற்கலாம்.

இதற்கிடையில் கேலியும் பிறந்தது. திஷியன் வரைந்ததாகக் கருதப்படும் சித்திரமொன்றை நிக்கோலோ போல்திரினி மரக்கட்டையில் செதுக்கினார். அதில் தந்தையும் பிள்ளைகளும் குரங்குகள். மூலத்தை அறியாதவர் கேலியை இரசிக்க முடியாது. அச்சுப்படங்களின் வழியே லாவோகூன் எவ்வளவு பரவிவிட்டான் என்பதற்கு அந்தக் குரங்குகளே அத்தாட்சி.

பாராத சிலை பற்றிய வாதம்

1755ஆம் ஆண்டு ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜொஹான் ஜோவாகிம் வின்கெல்மான் கிரேக்கக் கலையைப் பின்பற்றுவது பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். கலை வரலாறு என்ற துறைக்கே அடித்தளமிட்டவர் என்று போற்றப்படுபவர் அவர். கொடுந்துன்பத்திலும் லாவோகூன் வாய்விட்டு அலறவில்லை. அடக்கிய பெருமூச்சு மாத்திரமே வெளிப்படுகிறது. கிரேக்கரின் ஆன்ம கம்பீரம் இதுவே என்பது அவரது வாதம். அந்த நூல் வெளியானபோது வின்கெல்மான் உரோமுக்குப் போயிருக்கவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் அங்கு சென்றார்.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1766இல், கொட்ஹோல்ட் எப்ராயிம் லெசிங் "லாவோகூன்" என்ற பெயரிலேயே நூலெழுதி மறுத்தார். வேர்ஜிலின் காவியத்தில் லாவோகூன் அலறுகிறானே. சிலையில் ஏன் அலறவில்லை? ஆன்ம கம்பீரம் காரணமன்று என்றார் லெசிங். கவிதை காலத்தில் நகர்வது. சிற்பம் ஒரு கணத்தில் நிற்பது. அகலத் திறந்த வாய் கல்லில் நிரந்தரமாகிவிட்டால் அது அருவருப்பாகும். ஆகையால் சிற்பி உச்சத்துக்கு முந்திய கணத்தைத் தெரிந்துகொண்டான் என்பது அவரது விளக்கம். இலக்கியத்துக்கும் காட்சிக் கலைக்கும் இடையிலான எல்லை பற்றிய விவாதங்கள் இன்றும் அந்நூலிலிருந்தே தொடங்குகின்றன. லெசிங் இத்தாலிக்குச் சென்றது 1775இல். நூலை எழுதியபோது அவரும் சிலையை நேரில் கண்டிருக்கவில்லை.

அப்படியானால் இருவரும் எதைப் பார்த்து எழுதினார்கள்? அச்சுப்படங்களும் சாந்து வார்ப்புகளும் பண்டை நூல்களும் தாம் எட்டும் தூரத்தில் இருந்தன. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில் தொங்கும் வாதம் இது. செப்புத் தகட்டிலோ அந்த வாய், மயிரிழை அகலமுள்ள சில கோடுகள். உளி சற்றுக் கூடுதலாக அழுந்தினால் பெருமூச்சு அலறலாகிவிடும். அவர்களுடைய சிந்தனையின் மதிப்பை இதனால் நான் குறைத்து மதிப்பிடவில்லை. லெசிங்கின் தருக்கம் சிலையைவிட அகன்றது. கை எப்படியிருந்தாலும் அது நிற்கும். ஆனால் அவர்கள் காலத்து வாசகர்கள் மனத்தில் எழுந்த லாவோகூன், மொந்தொர்சோலி மரபின் கையை வானுக்கு உயர்த்திய வீரன் என்பதை நாம் மறத்தலாகாது.

சிலையும் ஒரிடத்தில் இருக்கவில்லை. 1797இல் பாப்பரசரோடு செய்த தொலெந்தீனோ உடன்படிக்கையின்படி நெப்போலியன் பெற்றுக்கொண்ட கலைச்செல்வங்களுள் லாவோகூனும் ஒன்று. 1798இல் பாரிசுக்குப் போன அது, அவர் வீழ்ந்தபின் 1816இல் உரோமுக்கு மீண்டது. அதே காலத்தில், 1815இல், இலண்டனில் வில்லியம் பிளேக் என்ற கவிஞர், ரோயல் அக்கடமியில் இருந்த வார்ப்பைப் பார்த்துக் கலைக்களஞ்சியமொன்றுக்காக லாவோகூனைச் செதுக்கினார். பிழைப்புக்காகச் செய்த வேலை அது. ஆயினும் அந்த உருவம் அவரை விடவில்லை. 1826ஆம் ஆண்டளவில் தமக்கென்று இன்னொரு தகடு செய்து, சிலையைச் சுற்றியிருந்த வெற்றிடம் முழுவதையும் கலை, பணம், பேரரசு, இறைவன் பற்றிய வாசகங்களால் நிரப்பினார். கிரேக்கச் சிலையே அன்று, சாலமன் ஆலயத்துத் தேவதூதர்களின் பிரதி என்பது அவர் கொண்ட கருத்து. அந்தத் தகட்டிலும் கை நீண்டுதான் இருக்கிறது.

கற்சிற்பியின் முற்றத்தில்

லுட்விக் பொல்லாக் 1868இல் பிராக் நகரில் பிறந்த யூதர், தொல்லியல் கற்றவர், உரோமில் வாழ்ந்து, பழம்பொருட்களை இனங்காண்பதில் தேர்ந்தவர் எனப் பெயரெடுத்தவர், பரக்கோ நூதனசாலையின் பணிப்பாளராகவும் இருந்தவர். 1906ஆம் ஆண்டளவில், உரோமிலே கல்வேலை செய்யும் ஒருவரது முற்றத்தில் பளிங்குக் கையொன்று அவர் கண்ணில் பட்டது. பின்னோக்கி மடங்கிய, தசை புடைத்த கை. அதில் பாம்பின் உடற்பகுதி. இது லாவோகூனின் கை என்று பொல்லாக் சொன்னார். அளவில் சற்றுச் சிறிதாகத் தோன்றியதால் வேறொரு பிரதியின் கையாயிருக்கலாம் என்ற எண்ணம் நிலவியது. அவர் அதை வத்திக்கானுக்கு அளித்தார். கையும் சிலையும் ஒரே நூதனசாலையில், ஆனால் ஒட்டாமல், அரை நூற்றாண்டு இருந்தன.

1943 ஒக்டோபர் 16ஆம் திகதி உரோமில் ஜேர்மனியப் படையினர் யூதர்களைச் சுற்றிவளைத்தனர். பொல்லாக்கும் அவரது குடும்பத்தினரும் பிடிக்கப்பட்டு அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். எவரும் திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

1957இல் வத்திக்கானின் பிலிப்போ மாஜி, பொல்லாக் கண்டெடுத்த கை சிலைக்கே உரியது என்று உறுதிசெய்தார். தொடர்ந்த மூன்றாண்டுகளில் பிற்காலத்தார் சேர்த்த கைகள் அகற்றப்பட்டு, அந்தக் கை தோளோடு இணைக்கப்பட்டது. கை மேலே எழவில்லை. முழங்கையில் மடிந்து தலைக்குப் பின்னால் இழுபடுகிறது. கையின் திசை மாறியதோடு சிலையின் பொருளும் மாறிற்று. வானை நோக்கிப் போராடிய வீரன் போய், தப்ப வழியின்றி அகப்பட்ட தந்தை வந்தான். நகரத்தாருக்கு உண்மையைச் சொன்னமைக்காகப் பிள்ளைகளோடு தண்டிக்கப்பட்டவன் அவன். அவனுடைய கையை அடையாளம் கண்டவரின் முடிவை எண்ணும்போது, அந்த மடங்கிய கையை என்னால் நெடுநேரம் பார்க்க முடிவதில்லை.

எந்தப் படம் பொய்?

டென்டேயின் கையில்லாத சிலையும், பிளேக்கின் கை நீட்டிய சிலையும், இன்றைய கை மடங்கிய சிலையும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆயினும் அவற்றைச் செய்த எவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தமது காலத்தில், தம் முன்னால் இருந்ததைக் காட்டினர். அவற்றை வரிசைப்படுத்தினால், கல்லுக்கு நேர்ந்த ஒவ்வொரு சிகிச்சையின் வரலாறும் நமக்குக் கிடைக்கிறது. பிற்காலத்தார் சேர்த்தவை அகற்றப்பட்ட பின், பழைய தோற்றத்தை நமக்குக் காட்டுபவை காகிதங்களும் வார்ப்புகளும்தாம்.

நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையின் அச்சுப்படப் பிரிவுக்கு முதலாவது பொறுப்பாளராக இருந்த வில்லியம் ஐவின்ஸ், 1953இல் வெளியிட்ட நூலில் பல நூற்றாண்டுகளின் லாவோகூன் படங்களை ஒருங்கே வைத்துக் காட்டினார். செதுக்குபவரின் கோட்டுப் பின்னல் ஒரு வலைபோலக் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே நின்றது. நிழற்படம் வந்தபின்னரே அந்த வலை விலகியது என்பது அவரது கருத்து. பெரும்பாலும் சரியே. ஆனால் நிழற்படத்துக்கும் காலமும் கோணமும் உண்டு. 1950ஆம் ஆண்டில் எடுத்த மிகத் துல்லியமான நிழற்படத்திலும் லாவோகூனுக்குப் பிற்காலக் கைதான் இருக்கும்.

எழுத்துக்கோத்து அச்சடித்த நாட்களில் நமது பத்திரிகைக் காரியாலயங்களில் நாகத் தகட்டுப் படப் புளொக்குகளைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். அவசரத்துக்குக் கைக்கு அகப்பட்டது பக்கத்தில் ஏறும். ஒரு பிரமுகரின் இருபது வயதுப் படம் அவரது அறுபதாவது வயதுச் செய்தியோடு வெளிவருவது அன்று புதினமன்று. இன்று பெட்டியும் புளொக்கும் போய்விட்டன. திகதியில்லாத படங்கள் முன்னெப்போதையும்விட வேகமாக ஓடுகின்றன. ஒரு போரின் படம் வேறொரு போரின் படமாக உலவுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். லாஃப்ரேரியின் தகடுகளில் பெயர் சுரண்டிப் பெயர் பொறித்தவர்களின் தொழிலை இப்போது நொடியில் செய்துவிடலாம்.

பழைய சிலைப் படமொன்று வாசகர் எவர் கைக்கேனும் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தகட்டை வெட்டியது எப்போது. இந்தத் தாள் அச்சானது எப்போது. வெட்டியவர் பார்த்தது கல்லையா, வார்ப்பையா, இன்னொருவரின் படத்தையா? லாவோகூனாக இருந்தால் நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. வலது தோளைப் பாருங்கள். இடவல மாற்றம் இருந்தால் இடது தோளைப் பாருங்கள். உடைந்து நின்றால், 1530களுக்கு முந்திய சிலையை உங்களுக்குக் காட்டும் ஒருவரின் சாட்சி அது என்று எண்ண இடமுண்டு. தமக்குத் தெரியாத கையை அவர் வரையவில்லை.